ராகிக் கொல்லையைக் காக்கும் பருவப் பணிகள்: காட்டோர உழவர்களுக்கான வழிகாட்டி

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி வட்டாரங்களில் மானாவாரியாக ராகி விதைப்பவர்கள் அனைவருக்கும் ஒரு கணக்கு தெரியும். விதைப்பிலிருந்து அறுவடை வரை பயிர் ஏறக்குறைய 110 நாட்கள் நிலத்தில் நிற்கிறது. அவற்றுள் யானையும் காட்டுப்பன்றியும் பெரும் அழிவைச் செய்வது 25 அல்லது 30 இரவுகளில்தான். கதிரில் பால் பிடிக்கத் தொடங்கும் நாளிலிருந்து, அறுத்து அடுக்கிய தாள்போர் களத்தைவிட்டு வீட்டுக்குப் போகும் நாள் வரை உள்ள இரவுகள் அவை. அந்த இரவுகளை முன்வைத்து ஆண்டு முழுவதும் எந்த மாதத்தில் எந்த வேலையை முடித்திருக்க வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன். கதிர் வெளிவந்த பிறகு காவலைப் பற்றி யோசிக்கத் தொடங்குபவர் அந்த ஆண்டு வெறும் கையோடும் டார்ச் விளக்கோடும் மட்டுமே கொல்லையில் நிற்க வேண்டியிருக்கும். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் நின்றேன்.

எங்கள் பகுதிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வடக்கே கர்நாடகத்தின் பன்னேர்கட்டா தேசியப் பூங்காவும், தெற்கே 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் இருக்க, நடுவில் எங்கள் ராகிக் கொல்லைகள் கிடக்கின்றன. ஐப்பசி வாக்கில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கும். தை, மாசி வரை இந்தக் காடுகளில் பிரிந்தும் கூடியும் திரியும். அவை வரும் காலமும் ராகி பால் பிடிக்கும் காலமும் ஒன்றாக அமைந்திருப்பது தற்செயல் அன்று. எனவே வேறு மாவட்டத்தில் இருப்பவர்கள் இங்கே சொல்லப்படும் மாதங்களைத் தங்கள் பயிருக்கும் விலங்குக்கும் ஏற்ப முன்பின்னாக நகர்த்திக்கொள்ள வேண்டும். மக்காச்சோளம் விதைப்பவர்களுக்கு மணி பால் கட்டும் பருவமும், நிலக்கடலை விதைப்பவர்களுக்கு விதைத்த முதல் பத்து நாட்களும் காய் முற்றும் கடைசி மூன்று வாரங்களும் அந்த அபாய இரவுகளாகும்.

சித்திரை, வைகாசி: எல்லையை நடந்து பார்த்தல்

நிலம் வெறுமையாகக் கிடக்கும் கோடையில்தான் விலங்குகளின் வழி தெளிவாகத் தெரியும். ஒரு கோடை மழை பெய்த மறுநாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன், கொல்லையின் நான்கு எல்லைகளையும் மெதுவாக நடந்து பாருங்கள். வேலியில் எந்த இடத்தில் முள் விலகியிருக்கிறது, எந்த வரப்பில் மண் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது, ஓடைக்கரையில் எந்த இடத்தில் சேற்றுக்குட்டை இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் வரைபடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். காட்டுப்பன்றி பழகிய வழியை எளிதில் விடாது. சென்ற ஆண்டு நுழைந்த அதே மூலையில்தான் இந்த ஆண்டும் மூக்கை நுழைக்கும். எல்லை முழுவதும் ஒரே அளவு காவல் போட எவரிடமும் ஆளும் இல்லை, பணமும் இல்லை. நுழையும் மூன்று நான்கு இடங்களைத் தெரிந்து வைத்திருந்தால் அங்கே மட்டும் இரட்டிப்புக் கவனம் செலுத்தலாம்.

வந்தது எந்த விலங்கு என்பதைத் தவறாமல் கண்டறியப் பழக வேண்டும்; ஏனெனில் ஒன்றுக்குச் செய்யும் ஏற்பாடு இன்னொன்றிடம் பலிக்காது. மண் உழுதது போலக் கிளறப்பட்டிருந்தால் அது பன்றி. ஈரமண்ணில் அதன் குளம்புத்தடத்தைக் குனிந்து பார்த்தால், பிளவுபட்ட இரண்டு குளம்புகளுக்குப் பின்னால் சற்று அகலத்தில் இரண்டு சிறு புள்ளிகள் பதிந்திருக்கும்; மானின் தடத்தில் சாதாரண நடையில் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் விழுவதில்லை. இளம்பயிரின் நுனி கிழிந்தது போலப் பிசிறாக இருந்தால் மான் மேய்ந்திருக்கிறது. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் அது கடித்து இழுக்கிறது. கத்தியால் சாய்வாக வெட்டியது போல நுனி சுத்தமாக இருந்தால் முயலின் வேலை. தென்னங்கன்றின் அடித்தண்டில் பல் சுரண்டிய தழும்பும், அருகில் ஓரிரு முட்களும் கிடந்தால் முள்ளம்பன்றி என்று உறுதியாகச் சொல்லலாம்.

யானையின் தடத்தை அடையாளம் காண யாருக்கும் பயிற்சி வேண்டாம். ஆனால் அதிலிருந்து வேறொன்றை அறியலாம். முன்கால் தடம் வட்டமாகவும் பின்கால் தடம் சற்று நீள்வட்டமாகவும் இருக்கும். முன்கால் தடத்தின் சுற்றளவை ஒரு கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால் அந்த யானையின் தோள் உயரம் ஏறக்குறைய கிடைத்துவிடும். பெரிய தடம் ஒன்று மட்டும் இருந்தால் ஒற்றை ஆண் யானை. பெரிதும் சிறிதுமாகக் கலந்திருந்தால் குட்டிகளோடு வந்த கூட்டம். இரண்டுக்கும் நாம் நடந்துகொள்ளும் முறை வேறு என்பதால் இந்த அளவை நோட்டில் எழுதி வைப்பது பின்னால் உதவும்.

நடந்து பார்த்து முடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை புதரை அழிப்பது. கொல்லையை ஒட்டி உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் அடர்ந்திருந்தால் பன்றிகள் பகல் முழுவதும் அங்கேயே படுத்திருந்து இருட்டியதும் பத்தடியில் பயிருக்குள் வந்துவிடும். நம் பட்டா நிலத்துக்குள் இருக்கும் புதரை எல்லையிலிருந்து 20 அடிக்காவது வேரோடு பிடுங்கி வெட்டவெளி ஆக்குங்கள். வெட்டவெளியைக் கடக்கப் பன்றி தயங்கும். காவலில் இருப்பவருக்கும் கண்ணுக்குத் தெரியும். காப்புக்காட்டுக்குள் இருக்கும் செடியில் கை வைக்கக் கூடாது; ஏரி, ஓடைப் புறம்போக்கில் உள்ள புதரை அகற்ற ஊராட்சி வழியாகத்தான் செல்ல வேண்டும்.

உயிர்வேலி போட நினைப்பவர்களுக்கும் இதுவே காலம். கொங்குப் பகுதியில் கிளுவைக் கிளைகளை நெருக்கமாக ஊன்றி வளர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. முதல் மழைக்கு முன் ஊன்றி, மூன்று ஆண்டுகள் பொறுமையாக இடைவெளிகளை நிரப்பி, கிளைகளைப் பின்னிவிட்டால் பன்றியும் முயலும் நுழைய முடியாத சுவராக அது மாறும். யானைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இருந்தாலும் எங்கள் இழப்பில் பெரும்பங்கு பன்றியால் வருவதால், நான் உயிர்வேலிக்கே முதலிடம் தருவேன்.

ஆனி: மின்வேலியைச் சட்டப்படியும் சரியாகவும் அமைத்தல்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுதுகிறேன். காரணம், உயிர் போவதும் பயிர் போவதும் இங்கேதான் நடக்கின்றன. வீட்டு மின்சாரத்தையோ பம்ப்செட் இணைப்பையோ நேரடியாகக் கம்பியில் கொடுப்பது வேலி அன்று, கொலைக்கருவி. 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட சட்டவிரோதக் கம்பியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. விலங்குகள் மட்டுமல்ல, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து நிலத்துக்காரர்களும் சொந்தப் பிள்ளைகளும் இத்தகைய கம்பிகளில் இறந்திருக்கிறார்கள். எவ்வளவு இழப்பு வந்தாலும் இந்த வழிக்குப் போகாதீர்கள் என்று என்னால் இயன்ற அளவு அழுத்திச் சொல்கிறேன்.

சூரிய மின்வேலி வேறு வகையில் இயங்குகிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை எனர்ஜைசர் என்ற கருவி உயர் அழுத்தத் துடிப்பாக மாற்றிக் கம்பியில் அனுப்புகிறது. தரமான கருவியில் நொடிக்கு ஒரு துடிப்புக்கு மேல் வராது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். தொட்ட விலங்குக்குக் கடும் அதிர்ச்சி கிடைக்கும், ஆனால் கம்பியோடு ஒட்டிக்கொள்ளாது. துடிப்புகளுக்கு இடையில் விலகிவிட முடியும். இந்த ‘டக், டக்’ என்ற இடைவெளிதான் உயிரைக் காக்கிறது. ஆகவே உள்ளூரில் யாரோ செய்து தரும் பெட்டியை வாங்காமல், தரச்சான்று பெற்ற கருவியை மட்டுமே வாங்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2023இல் மின்வேலிகளுக்கான பதிவு மற்றும் ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் புதிய மின்வேலி அமைக்க வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். ஏற்கெனவே இருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை சூரிய மின்வேலிக்கு மானியம் வழங்கி வந்திருக்கிறது. ஒதுக்கீடும் விகிதமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், சிட்டா, அடங்கல், நில வரைபட நகல்களோடு சித்திரையிலேயே உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. அனுமதியும் மானியமும் கைக்கு வர மாதங்கள் ஆகும். ஆடியில் விண்ணப்பம் கொடுத்தவர் அந்த ஆண்டு ராகியை மறந்துவிடலாம்.

கம்பிகளின் உயரம் விலங்கைப் பொறுத்தது. பன்றிக்கு, தரையிலிருந்து 20 சென்டிமீட்டரில் முதல் கம்பி, 45 சென்டிமீட்டரில் இரண்டாவது, 70 சென்டிமீட்டரில் மூன்றாவது என மூன்று போதும். முதல் கம்பி ஒரு சாண் உயரத்தைவிட மேலே போனால் பன்றி மூக்கால் தூக்கிக்கொண்டு அடியில் நுழைந்துவிடும். அது மூக்கு பட்டுத்தான் அதிர்ச்சியை உணர வேண்டும்; மயிர் அடர்ந்த முதுகில் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. யானைக்கு ஐந்து அல்லது ஆறு கம்பிகள் ஆள் உயரத்துக்கும் மேலே போக வேண்டும். யானை சில ஆண்டுகளில் வேலியைப் படித்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தந்தத்தில் மின்சாரம் பாயாததால் தந்தத்தால் கம்பியை அறுக்கும்; காலால் கம்பத்தைச் சாய்க்கும்; பக்கத்து மரத்தைத் தள்ளி வேலிமேல் போடும். வேலிக்கு அருகில் சாயக்கூடிய மரங்களைக் கழித்துவிட வேண்டும். மேலிருந்து கம்பி இழைகளைத் தொங்கவிடும் தொங்கு மின்வேலியில் யானை சாய்ப்பதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் கம்பம் இல்லை என்பதால் சில இடங்களில் அதற்கு மாறிவருகிறார்கள்.

வேலி செயலிழப்பதற்கு நான் கண்ட முதல் காரணம் எர்த், அதாவது மின்சுற்றை மண்ணோடு இணைக்கும் கம்பி, சரியில்லாதது. மூன்று எர்த் கம்பிகளை ஆறடி ஆழத்தில், ஒன்றுக்கொன்று பத்தடி இடைவெளி விட்டு, ஈரம் நிற்கும் இடத்தில் இறக்குங்கள். கடைக்காரர் ஒரே ஒரு கம்பியை இரண்டடி இறக்கிவிட்டுப் போனால் காசு கொடுக்காதீர்கள். எங்கள் செம்மண் மேட்டில் மழை நின்ற பத்து நாட்களில் மேல்மண் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் சுற்று முழுமையடையாது, எனவே யானை சாவகாசமாகக் கம்பியை மிதித்துப் போகும். இரண்டாவது காரணம் செடி. ஒரு ஐப்பசி இரவில் என் கொல்லையின் கிழக்கு மூலை வழியாகப் பன்றிக் கூட்டம் இறங்கி அரை ஏக்கரைப் புரட்டிவிட்டது. எனர்ஜைசரில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. காலையில் கம்பியோரமாக நடந்து பார்த்தபோது, ஊடுபயிராகப் போட்டிருந்த அவரைக் கொடி ஒன்று கீழ்க்கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி ஏறியிருந்தது. பனியில் நனைந்த அதன் இலை நுனிகள் கருகியிருந்தன. நான்கு நாட்கள் நான் கம்பியோரம் நடக்காததன் விலை அது. அன்றிலிருந்து சோதனைக் கருவியால் மாலைதோறும் வேலியின் கடைசி முனையில் அழுத்தம் பார்க்கிறேன். 4,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால், எங்கோ ஒரு செடி அல்லது உடைந்த இன்சுலேட்டர் மின்சாரத்தைக் குடிக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை. கம்பிக்கு அடியில் இரண்டடி அகலத்துக்குப் புல் முளைக்கவிடாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செதுக்க வேண்டும். வழி ஓரங்களிலும் மூலைகளிலும் எச்சரிக்கைப் பலகை கட்டாயம் தொங்க வேண்டும்.

ஆடி, ஆவணி: விதைப்பிலேயே காவலைத் தொடங்குதல்

விதைப்பு நாளை ஒருவர் தனியாக முடிவு செய்யக் கூடாது என்பது இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் மிகப் பயனுள்ள செய்தி என்று கருதுகிறேன். ஒரே காட்டோரத்தில் உள்ள பத்துப் பதினைந்து கொல்லைக்காரர்கள் ஒரே வாரத்தில், ஒரே கால அளவுள்ள ரகத்தை விதைத்தால் பால் பிடிப்பதும் அறுவடையும் ஒன்றாக வரும். காவல் இரவுகள் சுருங்கும். வருகிற இழப்பும் பலரிடையே பரவும். ஒருவர் ஆடி முதலிலும் இன்னொருவர் ஆவணிக் கடைசியிலும் விதைத்தால், முன்னதாக விளைந்த கொல்லையில் ருசி கண்ட கூட்டம் பின்தங்கிய கொல்லை முடியும் வரை ஊரைவிட்டு நகராது. ஊரே அறுத்து முடித்தபின் பச்சையாக நிற்கும் ஒற்றைக் கொல்லைக்கு நேரும் கதி எல்லாருக்கும் தெரியும். மழை தள்ளிப்போய் விதைப்பு தாமதமானால் குறுகிய கால ரகத்துக்கு மாறுங்கள். விளைச்சல் சற்றுக் குறைந்தாலும் மற்றவர்களோடு சேர்ந்து அறுக்க முடியும்.

எங்கள் ஊர்களில் ராகியோடு அவரை, கடுகு, ஆமணக்கு சேர்த்து விதைக்கும் பழைய வழக்கம் இருக்கிறது. இதில் ஆமணக்கைக் காட்டை நோக்கிய எல்லையில் நான்கைந்து வரிசையாக நெருக்கி விதைத்தால் பன்றிக்கு ஓரளவு தடையாகும். அது ஆமணக்கைத் தின்பதில்லை, அதன் வாடை உள்ளே இருக்கும் பயிரின் வாடையையும் சற்று மறைக்கிறது. காட்டை ஒட்டிய பட்டையில் மிளகாயோ எள்ளோ போட்டு, ராகியை உள்ளே தள்ளுவதும் நல்லது. வாழையையும் கரும்பையும் காட்டோரத்தில் நட்டுவிட்டு யானை வருகிறது என்று வருந்துவதில் பயனில்லை. அவற்றின் வாடைக்கே யானை திசை மாறும். பலா மரம் உள்ளவர்கள் வைகாசி, ஆனியில் காய்கள் பழுக்கும் முன்பே இறக்கிவிட வேண்டும்.

நிலக்கடலையும் பயறும் விதைத்தவர்களுக்கு முதல் பத்து நாட்களில் மயிலும் பன்றியும் தொல்லை. மயில் காலையிலும் மாலையிலும்தான் இறங்கும். அந்த இரண்டு மணி நேரங்களில் ஒரு ஆள் நடமாட்டம் இருந்தாலே பாதி விதை மிஞ்சும். மினுக்கும் நாடாவைக் குச்சிகளுக்கு இடையே முறுக்கிக் கட்டினால் காற்றில் அதிர்ந்து சில நாட்கள் மயிலை விலக்கும். பழகியபின் அது நாடாவுக்கு அடியிலேயே மேயும் என்பதால் முளைத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். மயில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிரினம். விஷம் கலந்த தானியம் தூவுவது சிறைக்குப் போகும் குற்றம். அந்தத் தானியத்தைத் தின்று கோழியும் கன்றும் சேர்ந்தே சாகும்.

புரட்டாசி, ஐப்பசி: காவல் இரவுகள்

விதைத்து 70 நாட்களில் கதிர் வெளிவரும். அதற்குள் பரண் எழுந்திருக்க வேண்டும். யானை வரும் பகுதியில் தரையில் குடிசை போட்டுப் படுப்பது உயிருக்கு ஆபத்து. வலுவான மரத்தில், யானையின் துதிக்கைக்கு எட்டாத உயரத்தில், இரண்டு பேர் உட்காரும் பரணாகக் கட்டுங்கள். காவலுக்கு எப்போதும் இருவராகச் செல்லுங்கள். குடித்தவரைப் பரணில் ஏற்றாதீர்கள். நாயைக் கூட்டிச் செல்லாதீர்கள். யானையைக் கண்டு குரைத்து ஓடும் நாய், யானை துரத்தியதும் நேராக நம்மிடம்தான் திரும்பி வரும்.

முன்னறிவிப்புதான் காவலில் பாதி வேலை. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தி வழியாகவும் உள்ளூர்த் தொலைக்காட்சி வழியாகவும் மக்களுக்குத் தெரிவித்து, கைப்பேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகளை உயரத்தில் வைத்து எச்சரிக்கும் முறையை நடைமுறைப்படுத்தினார்கள். நமக்கு அவ்வளவு ஏற்பாடு இல்லாவிட்டாலும், வனவரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் ஊர் உழவர்களும் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழு போதும். மாலை ஐந்து மணிக்குள் கூட்டம் எந்தக் காட்டில் நிற்கிறது என்ற செய்தி வந்துவிட்டால், அன்று யார் கண்விழிக்க வேண்டும், யார் தூங்கலாம் என்று தீர்மானிக்க முடியும். முப்பது இரவும் எல்லாரும் விழித்தால் இருபதாவது இரவில் எல்லாரும் தூங்கிவிடுவார்கள்.

யானை எல்லைக்கு வரும் முன் மிளகாய்ப் புகை நன்றாக வேலை செய்கிறது. காய்ந்த மிளகாயை இடித்துச் சாணத்தில் கலந்து வறட்டியாகத் தட்டி, ஐப்பசி மழைக்கு முன்பே வெயிலில் உலர்த்தி வையுங்கள். காற்று நம் பக்கமிருந்து காட்டை நோக்கி வீசும்போது எல்லையில் வைத்து மூட்ட வேண்டும். காற்று எதிராக இருந்தால் புகை நம்மைத்தான் விரட்டும். யானை பயிருக்குள் வந்தபின் அதன் திரும்பும் வழியை மறிக்காமல், காட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டு, ஊர்ப் பக்கமிருந்து மட்டும் ஒளியும் ஓசையும் கொடுக்க வேண்டும். நான்கு பக்கமும் சூழ்ந்து கத்தினால் குட்டியுள்ள கூட்டம் மனிதர்கள்மீதுதான் பாயும். தீப்பந்தம் எறிவது, கல் எறிவது, கைப்பேசியில் படம் எடுக்க நெருங்குவது இவை எல்லாம் உயிரைக் கொடுக்கும் காரியங்கள். ஒற்றை ஆண் யானை அசையாமல் நின்றால் பயிரை விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். அரை ஏக்கர் ராகியை அடுத்த ஆண்டு விளைவித்துக்கொள்ளலாம்.

பன்றிக்கு ஒரே ஓசை, ஒரே விளக்கு, ஒரே வாடை எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் பலிக்காது. முடிதிருத்தகத்திலிருந்து கொண்டுவந்து தூவும் தலைமுடி, அழுகிய முட்டைக் கரைசல், பழைய புடவை, பேசும் ஒலிபெருக்கி என எல்லாவற்றையும் நான் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் சில நாட்கள் வேலை செய்கிறது. மழை பெய்தால் வாடை போய்விடுகிறது. ஆகவே அவற்றை விதைப்பிலிருந்தே செலவழிக்காமல் பால் பிடிக்கும் மூன்று வாரங்களுக்கென்று வைத்துக்கொண்டு, நான்கைந்து நாட்களுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். அவுட்டுக்காயையும் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) சுருக்குக் கம்பியையும் நினைத்தும் பார்க்காதீர்கள். அவுட்டுக்காயைக் கடித்த யானையும் பசுவும் வாய் சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் பல நாட்கள் துடித்து இறக்கின்றன.

காட்டுப்பன்றியைச் சுடுவது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட முடியாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம். உழவர் தாமாகச் சுட எங்கும் அனுமதி இல்லை. காட்டோரத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த அறிவிப்பால் நேரடிப் பயன் குறைவு என்பது என் கருத்து. இருந்தாலும் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், ஏரிப்புதரில் குடியேறிவிட்ட பன்றிகளால் வருந்தும் ஊர்கள் ஊராட்சி வழியாக வனச்சரகருக்கு மனுக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

கார்த்திகை, மார்கழி: அறுவடையும் களமும்

அறுவடையோடு காவல் முடிந்துவிடுகிறது என்று எண்ணுவது எங்கள் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் தவறு. அறுத்த தாளைக் கொல்லையிலேயே போர் போட்டுவிட்டு, ஆள் கிடைக்கும்போது அடித்துக்கொள்ளலாம் என்று விட்டால், நிற்கும் பயிரைவிட எளிதாக யானைக்கு ஒரே இடத்தில் விருந்து கிடைக்கிறது. கதிர் முற்றியதும் காட்டோரத்துப் பட்டையை முதலில் அறுங்கள். ஊர்ப்பக்கத்தைக் கடைசியாக அறுக்கலாம். அறுக்கும் இயந்திரத்தையும் கூலி ஆட்களையும் பத்து நாட்களுக்கு முன்பே பேசிவைத்து, அறுத்த மூன்று நாட்களுக்குள் தாளை ஊரை ஒட்டிய களத்துமேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். களத்தில் விடியும் வரை ஒரு விளக்கு எரிய வேண்டும்.

தானியத்தை வீட்டில் வைப்பதிலும் கவனம் தேவை. சுவர் ஓரமாக அடுக்கிய ராகி மூட்டை, உப்பு மூட்டை, வடித்து வைத்த சாராயம் இவற்றின் வாடைக்கு யானை மண்சுவரை இடிக்கும். காட்டுப்பக்கச் சுவரை விட்டு வீட்டின் நடு அறையில், மூடிய டின்னில் வையுங்கள். இரவில் வெளியே போக வேண்டியிருந்தால் முற்றத்தில் நின்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

சேதம் நேர்ந்துவிட்டால்

சேதத்தைக் கண்டதும் கோபத்தில் கொல்லையைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். பார்வையிட வருபவர்களுக்குத் தடமும் லத்தியும் (யானைச் சாணம்) மிதிபட்ட பயிரும்தான் சான்று. விடிந்தவுடன், தேதியும் இடமும் பதியும்படி கைப்பேசியில் படம் எடுங்கள். முதலில் கொல்லை முழுவதும் தெரியும் ஒரு படம், பின்பு சேதமான பகுதியின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒவ்வொரு படம், அதன்பின் தடத்தின் அருகில் ஓர் அரிவாளையோ செருப்பையோ அளவுக்கு வைத்து ஒரு படம். சேதமான பரப்பை அடியால் அளந்து எழுதுங்கள். அன்றே வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் ராகி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். புரட்டாசியிலேயே இதைச் சரிபார்க்காததால், உண்மையான இழப்பு இருந்தும் மனு தள்ளுபடியானவர்களை நான் அறிவேன்.

பயிர்க்காப்பீட்டிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பிரதம மந்திரி பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குகளால் ஏற்படும் இழப்பு, 2026 காரீப் (மழைக்காலப் பயிர்) பருவம் முதல் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்க்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. எந்த விலங்குகள், எந்த வட்டாரங்கள் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். இழப்பு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள், இடக்குறியீடு பதிந்த படங்களோடு பயிர்க்காப்பீட்டுச் செயலியில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் குறுவட்டமும் பயிரும் அறிவிப்பில் இருக்கின்றனவா என்று காப்பீட்டுத் தொகை கட்டும்போதே வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். செயலியையும் அப்போதே கைப்பேசியில் ஏற்றி ஒருமுறை திறந்து பழகுங்கள். யானை வந்துபோன காலையில், சிக்னல் கிடைக்காத மேட்டில் நின்றுகொண்டு கடவுச்சொல்லைத் தேடுவது மிகுந்த வேதனை.

தை, மாசி

யானைகள் வடக்கே திரும்பத் தொடங்கியதும் எனர்ஜைசரைக் கழற்றித் துடைத்து வீட்டுக்குள் வையுங்கள். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்த்து, மாதம் ஒருமுறை மறுபடி ஏற்றினால் இன்னும் ஓரிரு பருவங்கள் உழைக்கும். மின்னேற்றம் இல்லாமல் மூலையில் கிடந்தால் அடுத்த ஐப்பசியில் கைவிட்டுவிடும். உடைந்த இன்சுலேட்டர்களை எண்ணி, தேவையான எண்ணிக்கையை இப்போதே வாங்குங்கள். பரணின் கயிறுகளை அவிழ்த்து எடுத்து வையுங்கள். நோட்டில் எந்தத் தேதியில், எந்த மூலையில், எந்த விலங்கு, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதியதைப் பக்கத்துக் கொல்லைக்காரர்களின் நோட்டோடு வைத்துப் பாருங்கள். சென்ற மாசியில் அப்படி ஐந்து நோட்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான், ஐந்து கொல்லைகளிலும் புகுந்த பன்றிகள் ஒரே ஓடைப்பாலத்துக்கு அடியில் வழியாக வந்தவை என்பது தெரிந்தது. இந்த ஆனியில் நாங்கள் ஐந்து பேரும் காசு போட்டு அந்தப் பாலத்தின் இரு பக்கமும் முதலில் கம்பி கட்டுகிறோம்.